மன நோய்க்கு மருந்து உட்கொள்ளும் மாணவரும் படிப்பும்

"மாத்திரை சாப்பிடத் தொடங்கியதிலிருந்து பாடம் மனத்தில் பதியவில்லை" என்பது மன நல மருத்துவர்கள் மாணவர்களிடமிருந்து அடிக்கடி கேட்கும் முறையீடாகும். இதற்கு நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கின்றன. "மருந்து மூளையை மழுக்கிவிடும், நிறுத்திவிடு" என்று வீட்டிலுள்ளோர் கூறுகின்றனர். "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, ஒழுங்காகச் சாப்பிடு" என்று மருத்துவமனையில் கூட்ட நெரிசலுக்கிடையே சொல்லி அனுப்பிவிடுகின்றனர். இரண்டும் முழு உண்மையல்ல. இவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட மாணவர், தேர்வு நெருங்கும் வாரங்களில் எவரிடமும் சொல்லாமல் தாமே மருந்தை நிறுத்திவிடுகிறார். நிறுத்திய முதற் சில நாட்களில் தெளிவு பிறந்ததுபோல் தோன்றுவதும் உண்டு. பின்னர் நோய் திரும்புகிறது. ஒரு தேர்வைக் காப்பாற்ற எண்ணியவர் ஓராண்டுப் படிப்பையே இழக்க நேர்கிறது.

மன நோய்கள் பலவும் முதன்முதலாகத் தலைகாட்டுவது பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலுமே, அதாவது படிக்கும் பருவத்திலேயே ஆகும். 2015-16-ஆம் ஆண்டுகளில் பெங்களூரிலுள்ள தேசிய மன நல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மன நல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மன நலக் கோளாறுடன் வாழ்ந்துவந்தனர். நோயின் வகைக்கேற்ப, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் வரையிலானோர் சிகிச்சை பெறவில்லை. நிலைமை இவ்வாறிருக்க, சிகிச்சைக்கு வந்து சேர்ந்த ஒரு மாணவரை, அவருடைய முறையீட்டைச் செவிமடுக்காத காரணத்தால் இழப்பது பெரும் விரயமாகும்.

கவனம் சிதறுவது எதனால்?

முதற் காரணம் நோயேயாகலாம். மனச்சோர்வில் ஒரு பக்கத்தை நான்கு முறை படித்தும் பொருள் விளங்காமற் போவது அந்நோயின் அடையாளங்களுள் ஒன்று. பதற்ற நோயிலும் மனச்சிதைவு நோயிலும் கவனம் குலைவது இயல்பே. ஆகவே, மருந்து தொடங்குவதற்கு முன்பே இக்குறை இருந்ததா என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்குத் தரப்படும் புளூவாக்சிட்டின், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் முழுப் பயனைத் தருவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இருக்கும் மந்தத்தை மருந்தின் தலையில் சுமத்துவது பொருந்தாது.

மருந்தும் காரணமாகலாம். இதை மறைப்பதால் எவருக்கும் நன்மையில்லை. மனச்சிதைவுக்கும் இருமுனை மன நோய்க்கும் அளிக்கப்படும் ஓலான்சபின், குவெட்டியாபின் ஆகியவை தூக்கக் கலக்கத்தை உண்டாக்கக் கூடியவை. இரவு பத்து மணிக்கு மேல் இவற்றை விழுங்கிவிட்டுக் காலை எட்டு மணி வகுப்பில் அமரும் மாணவருக்கு முதற் பாட வேளை முழுவதும் மங்கலாகவே கழியும். இத்தகையோரில் பலருக்கு, மருத்துவரின் ஒப்புதலுடன் மாத்திரையை மாலையிலேயே உட்கொள்ளும்படி மாற்றியமைத்தாலே காலை மந்தம் குறைகிறது. சிலருக்கு அளவைக் குறைக்கவோ, மருந்தையே மாற்றவோ வேண்டிவரும்.

அதிகம் பேசப்படாத ஒன்றைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். மனச்சிதைவு மருந்துகளால் உண்டாகும் கை நடுக்கத்தையும் உடல் விறைப்பையும் தணிப்பதற்காக, டிரைஹெக்சிபெனிடில் என்னும் சிறு மாத்திரையும் உடன் எழுதிக் கொடுக்கப்படுகிறது. மூளையில் நினைவாற்றலுக்குத் துணைபுரியும் அசெட்டைல்கோலின் என்னும் வேதிப் பொருளின் செயலை இது தடுக்கிறது. அதனால் நா வறட்சி, பார்வை மங்கல் ஆகியவற்றுடன், புதிதாகப் படித்தது நினைவில் தங்காத குறையும் ஏற்படக்கூடும். நடுக்கம் மறைந்த பின்னரும் ஆண்டுக்கணக்கில் பழைய சீட்டின்படியே இம்மாத்திரையை வாங்கி விழுங்கிவருவோர் உண்டு. "இது எனக்கு இன்னமும் தேவைதானா?" என்று மருத்துவரைக் கேட்பது மாணவரின் கடமை என்றே கூறலாம். தேவையில்லையெனில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற பதற்றந் தணிக்கும் மாத்திரைகளும் புதிய செய்திகள் நினைவில் பதிவதைத் தடுக்க வல்லவை. தேர்வு நாளன்று காலையில் துணிவுக்காக நண்பரிடம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வது எவ்வளவு தவறான கணக்கு என்பது இதனால் விளங்கும்.

மருந்தின் பயனும் அதன் பக்க விளைவும் பின்னிப் பிணைந்திருப்பது புதிய செய்தியன்று. 1931-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தா மனக்கொந்தளிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதை எழுதி வெளியிட்டனர். அதிலிருந்து பின்னர் பிரித்தெடுக்கப்பட்ட ரிசர்ப்பின் உலகெங்கும் பரவியது. சோர்வை உண்டாக்குகிறது என்ற குறைபாட்டினாலும், வேறு மருந்துகள் வந்ததாலும் மன நோய்ச் சிகிச்சையில் அது கைவிடப்பட்டது.

கவனக் குறைவு, மிகை இயக்கக் கோளாறு உடையோரின் நிலை வேறு. அவர்களுக்கு மெத்தில்பெனிடேட் என்னும் மருந்து கவனத்தைக் கூட்டுவதற்காகவே தரப்படுகிறது. சாதாரண மாத்திரையின் பயன் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிற்பதால், எந்த வேளையில் உட்கொள்வது என்பதைப் பாட நேரத்தையொட்டி வகுக்க வேண்டும். மாலையில் உட்கொண்டால் உறக்கம் கெடும். பசியும் குறையலாமாதலால் உடல் எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கண்காணிப்பது அவசியம். 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள்கள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குட்பட்டது இம்மருந்து. விடுதியில் இரவுப் படிப்புக்காக இதைக் கைமாற்றிக்கொள்வது சட்டப்படி குற்றமாவதோடு, மனச்சிதைவோ மன எழுச்சியோ வரக்கூடிய இயல்புடையோருக்குப் பேராபத்துமாகும்.

தேர்வுக் காலமும் உறக்கமும்

இரவு முழுவதும் விழித்துப் படிப்பதை நாம் உழைப்பின் அடையாளமாகப் போற்றிவருகிறோம். இருமுனை மன நோயுள்ள மாணவருக்கு இப்பழக்கம் மருந்தை நிறுத்துவதற்கு நிகரான தீங்கு. தொடர்ந்து சில இரவுகள் உறக்கம் கெட்டாலே மன எழுச்சி நிலை தூண்டப்படலாம். அப்போது மாணவருக்கே தாம் மிகச் சிறப்பாகப் படிப்பதாகத் தோன்றும் என்பதுதான் இதிலுள்ள சங்கடம். உறக்கம் குறைந்தும் களைப்பில்லாமை, ஓயாத பேச்சு, கட்டற்ற செலவு ஆகியவற்றை அறைத் தோழர் கவனித்தால், பெற்றோருக்கோ மருத்துவருக்கோ அன்றே தெரிவிப்பது நலம்.

லித்தியம் உட்கொள்வோருக்கு மற்றொரு எச்சரிக்கையும் தேவை. இரத்தத்தில் இதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். பயன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. தேர்வுப் பரபரப்பில் உணவும் நீரும் மறந்திருத்தல், கோடை வெப்பம், வயிற்றுப்போக்கு, தலைவலிக்கென்று விழுங்கும் இபுபுரூபன் ஆகியவை இரத்தத்தில் லித்தியத்தின் அளவை உயர்த்திவிடும். கை நடுக்கம் மிகுந்தாலோ, நடை தள்ளாடினாலோ, வாந்தி கண்டாலோ உடனே மருத்துவமனைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது வெறுமனே "மந்தமாயிருக்கிறது" என்பதைவிட, இரண்டு வாரக் குறிப்பைக் கொண்டு செல்வது பயனளிக்கும். மாத்திரை உட்கொண்ட மணி, உறங்கிய நேரம், எந்த வேளையில் படிப்பு ஓடியது, எந்த வேளையில் ஓடவில்லை என்பவற்றைக் குறித்தாற் போதும். மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் மந்தம் வந்து பின்னர் விலகுமாயின் மருந்தையும், நாள் முழுவதும் ஒரே சீராக இருக்குமாயின் நோயையும், உறக்கம் குறைந்த நாட்களில் மட்டும் மிகுமாயின் உறக்கத்தையும் முதலில் ஐயுறலாம். மருந்து மாற்றங்களைத் தேர்வுக்கு முந்திய வாரத்தில் செய்யாமல், விடுமுறையில் செய்துகொள்வதே ஏற்றது.

சட்டம் தரும் துணை

2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் மன நலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் உரிமையையும், நோய் பற்றிய விவரங்கள் வெளியிடப்படாமலிருக்கும் உரிமையையும் வழங்குகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அரசு நிலையங்களில் இச்சிகிச்சை கட்டணமற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் மன நோயையும் தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. 40 சதவீத வரம்பை எட்டாதவருக்கும் தேர்வில் நியாயமான வசதி மறுக்கப்படலாகாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கை நடுங்கும் மாணவர் கூடுதல் நேரம் கோருவது சலுகைக்கான மன்றாட்டமன்று. எனினும் விண்ணப்பத்தையும் மருத்துவச் சான்றையும் தேர்வுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே அலுவலகத்தில் சேர்ப்பித்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் கோப்புகள் நகர்வதில்லை.

வெளியூரில் தங்கிப் படிப்போருக்கு, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில் கிடைக்கிறது. தேர்வுக்கு முந்திய இரவில் மாத்திரை தீர்ந்துபோனதைக் கண்டு திகைக்கும் மாணவரும் இவ்வெண்ணை அழைக்கலாம்.