கால்வாயில் பிறந்த கரண்டு

சித்தூர், திருப்பதிப் பக்கம் கரண்டு வந்தால்தான் போர் மோட்டார் ஓடும். அந்தக் கரண்டைப் பாசனக் கால்வாயிலேயே எடுத்தவர்கள் உண்டு.

வடக்கே ஹரித்வாரில் தொடங்கும் கங்கைக் கால்வாய் 1854இல் திறக்கப்பட்டது. அங்கே நிலம் சரிவானது. தண்ணீர் வேகமாக ஓடினால் கரையை அரித்துவிடும். அதனால் இடையிடையே படி கட்டி, தண்ணீரை விழச் செய்தார்கள். சில இடங்களில் அது மாவு அரைக்கும் கல்லைச் சுற்றியது.

1930 வாக்கில் மீரட் அருகே போலா முதலிய இடங்களில் சிறிய மின் நிலையங்கள் வந்தன. விழும் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் ஜெனரேட்டரைச் சுழற்றும். கரண்டு வரும்.

கரண்டு எடுத்தால் தண்ணீரின் சத்து போய்விடாதா? போகாது. விழும் வேகத்தைத்தான் எடுக்கிறோம். தண்ணீர் அப்படியே வயலுக்குப் போகும். கால்வாய் எட்டாத ஊர்களிலோ, அந்தக் கரண்டு ஆழ்குழாய்க் கிணறுகளில் தண்ணீர் இறைத்தது.