முதல் 40 மணி நேரம்

2009 ஏப்ரல் 5-ஆம் தேதி கர்நாடகத்தின் கோலார் அருகே ஒரு ஓடுபாதையிலிருந்து ‘நிஷாந்த்’ ஆளில்லா விமானம் மேலெழும்பியது. நிஷாந்த் அதற்கு முன்பே பல ஆண்டுகள் பறந்து பழகிய விமானம். அன்றைக்குப் புதிது அதன் எஞ்சின் மட்டும்தான். பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகம், அங்கேயுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகமான ஏடிஇ, அகமதுநகரின் வாகன ஆய்வகமான விஆர்டிஇ ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய 55 குதிரைத்திறன் வான்கெல் எஞ்சின் அது. எடை சுமார் 30 கிலோ. ராணுவ வானூர்திகளுக்குத் தகுதிச் சான்று தரும் செமிலாக் அமைப்பு ஒப்புக்கொண்ட பிறகே அது மேலே போனது. 1.8 கிலோமீட்டர் உயரம் ஏறி, 35 நிமிடம் பறந்து, வறண்ட ஏரி ஒன்றில் பத்திரமாக இறங்கியது. இத்தனை நிறுவனங்கள் கூடியும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே புதிதாக மாற்றின, ஆளையும் ஏற்றவில்லை. வீட்டிலேயே விமானம் கட்டியவரைப் பாராட்டி நாம் எழுதும் செய்திகளில் இந்த நிதானத்துக்கு இடமே இருப்பதில்லை. கட்டி முடித்த நாளோடு கதையை முடித்துவிடுகிறோம். என் பார்வையில் அது பாதி வேலைகூட இல்லை. சோதித்து முடிக்கும்வரை அந்த விமானம் இறக்கை வைத்த ஒரு வண்டிதான். வான்கெல் எஞ்சின் பூட்டிய விமானத்துக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வான்கெலின் எஞ்சின் 1957-இல் முதன்முதலில் ஓடியது. அதில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று தன் கூட்டுக்குள் சுழன்றபடியே காற்றை இழுத்து, அழுத்தி, எரித்து, வெளியே தள்ளுகிறது. ரோட்டர் ஒரு சுற்று சுற்றினால் தண்டு மூன்று சுற்று சுற்றும். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் இதைக் காரில் வைத்து வளர்த்தெடுத்தது. 1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையும் வென்றது. பழைய மாஸ்டா கார்களின் 13பி எஞ்சினை அமெரிக்காவில் பலர் தாங்களே கட்டிய விமானங்களில் பூட்டியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் நியாயம் வலுவானது. அசையும் பாகம் குறைவு, அதிர்வு குறைவு, எடைக்கு மிஞ்சிய திறன். ரோட்டர் முனையில் இருக்கும் சீல் உடைந்தாலும் எஞ்சின் சட்டென்று இறுகி நிற்காமல், பெரும்பாலும் திறன் குறைந்தபடியே ஓடிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் ஏற்றுக்கொண்டாலும் கேள்வி தீரவில்லை. ஆபத்து எஞ்சினின் உள்ளே இருப்பதைவிட அதைச் சுற்றித்தான் அதிகம். இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் ஓடினால்தான் முழுத் திறனும் கிடைக்கும். புரொப்பெல்லருக்கோ 2,500 அளவே தோது. ஆகவே நடுவில் ஒரு ரெடக்‌ஷன் கியர்பாக்ஸ் வேண்டும். ரோட்டரைக் குளிரவைப்பது ஆயில் என்பதால் ரேடியேட்டரோடு பெரிய ஆயில் கூலரும் வேண்டும். புகை மிகுந்த சூட்டோடு வெளியேறுவதால் சாதாரண சைலன்சர் தாங்காது. பெட்ரோல் குழாய் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் போனால் உள்ளேயே ஆவியாகி, எரிபொருள் வரத்து தடைபடும். இவை ஒவ்வொன்றையும் கட்டுகிறவரே வடிவமைக்கிறார். தரையில் விமானத்தைக் கட்டிப்போட்டு, மூக்கைத் தூக்கி வைத்து, முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம், நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல் வந்து சேர்கிறது என்று அளக்கலாம், அளந்தே ஆகவேண்டும். ஆனால் கூலருக்குள் காற்று எப்படிப் புகுந்து எப்படி வெளியேறுகிறது என்பதைத் தரை சொல்லாது. மேலெழும்பும்போது திறன் முழுதாகச் செலவாகும், வேகமோ குறைவு. முதல் கியரில் ஏற்காடு மலை ஏறும் காரின் நிலைதான். சென்னையின் மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்காவில் இப்படிக் கட்டப்படும் விமானங்களுக்கு, சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் இருந்தால் 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம் சோதனைப் பறத்தல் என்பது நெடுநாள் வழக்கம். வான்கெலுக்கு 40. ஆள் நெருக்கமில்லாத இடத்தில், தேவையில்லாத ஆளை ஏற்றாமல் பறக்கவேண்டும். அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய ஆண்டில் இவ்வகை விமானங்களுக்கு நேர்ந்த விபத்துகள் 224. உயிரிழப்பு நேர்ந்தவை 54. முதன்மைக் காரணங்களாக அது காட்டியவை எஞ்சின் தொகுதிக் கோளாறும் பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும்.

“அப்படியானால் சான்று பெற்ற விமான எஞ்சினையே வாங்கிப் பூட்டலாமே?” என்று கேட்கலாம். பறப்பது மட்டுமே நோக்கம் என்றால் அதுவே சரி, தயங்காமல் சொல்வேன். எஞ்சின் தொழிலை நாமே கற்கவேண்டும் என்றால் யாராவது புதியதைப் பூட்டிச் சோதித்துத்தான் தீரவேண்டும். நிஷாந்தில் நடந்ததும் அதுதான்: இறக்குமதி எஞ்சின் இருந்த இடத்தில் நம்முடையதை வைத்துப் பார்த்தார்கள். “நெரிசல் மிகுந்த நாட்டில் இதையெல்லாம் தடைசெய்தால் என்ன?” என்பது இரண்டாவது கேள்வி. தடை, ஆர்வலர்களை மறைவாகப் பறக்க வைக்கும்; அது இன்னும் மோசம். மும்பையில் வீட்டு மொட்டைமாடியில் ஆறு பேர் அமரும் விமானம் கட்டிய விமானி அமோல் யாதவுக்கு 2017 நவம்பரில் பதிவும் 2019 அக்டோபரில் பறக்கும் அனுமதியும் கிடைத்தன. நடுவில் போன இரண்டு ஆண்டு எனக்கு உறுத்துகிறது. சோதனையைக் கண்டிப்பாக்குவது வேறு, சோதனைக்கே வழிவிடாமல் இருப்பது வேறு. வழி கிடைத்தால் இங்கேயே பறக்கலாம் என்பதற்கும் சான்று உண்டு: கேரளத்தின் சஜி தாமஸ் தானே கட்டிய சிறு விமானம் 2014-இல் பறந்தது நம் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறில்.

சென்னை முகப்பேரிலிருந்து பார்த்தால், சோதிக்க இடமில்லாத இந்தக் குறை தெளிவாகத் தெரியும். பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. கியர், தண்டு, அலுமினிய வார்ப்பு என எதைக் கேட்டாலும் செய்து தரும் லேத் பட்டறைகளும் சிஎன்சி கூடங்களும் அங்கே உண்டு. ஆவடியில் உள்ள போர்வாகன ஆய்வகமான சிவிஆர்டிஇ, தபஸ் ஆளில்லா விமானத்துக்கு உள்ளிழுக்கும் சக்கரத் தொகுதியையே வடிவமைத்திருக்கிறது. கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. இங்கே கட்டலாம், இங்கே பறக்க முடியாது, பறக்கவும் கூடாது. ஒருபுறம் மீனம்பாக்கம், மறுபுறம் ஆவடி விமானப்படைத் தளம், கீழே இடைவெளியில்லாமல் வீடுகள். மணிமுத்தாறு போல ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் ஓடுபாதையை ஆண்டில் சில வாரங்களாவது சோதனைக்கென ஒதுக்கி, அனுபவமுள்ள சோதனை விமானி ஒருவரையும் தீயணைப்பு வண்டியையும் அங்கே நிறுத்தி, 40 மணி நேரக் கணக்கையும் வெப்பநிலைக் குறிப்புகளையும் பதிவேட்டில் எழுதச் சொன்னால், அம்பத்தூரில் செய்த ஒரு கியர்பாக்ஸ் ஏறுமுகத்தில் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று நமக்கே தெரியவரும்.