ஒரே கயிற்றை மூன்று பேர் இழுத்தால்

என் மேசையில் இரண்டு டம்ளர். ஒன்றில் ஐஸ் தண்ணீர், மற்றதில் வெந்நீர். இரண்டுக்குள்ளும் ஆளுக்கொரு கறுப்பு ஒயர் முங்கிக் கிடக்கிறது. ஒயரின் நுனியில் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு எவர்சில்வர் குப்பி. அதேபோல் மூன்றாவது ஒயர் ஒன்றை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

குப்பிக்குள் இருப்பது வெப்பநிலை சென்சார். பெயர் டிஎஸ்18பி20. அமெரிக்காவின் டல்லாஸ் செமிகண்டக்டர் நிறுவனம் வடிவமைத்தது. மைனஸ் 55 டிகிரி செல்சியஸ் முதல் 125 டிகிரி வரை அளக்கும். பார்க்க மூன்றும் அச்சு அசல் ஒன்றேதான். மின்சாரத்துக்கென்று இரண்டு கம்பிகள் இருந்தாலும், பேசுவதற்கு மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்பி. அதன் மறுமுனையில் ஆர்டுயினோ என்ற என் குட்டிக் கணினிப் பலகை உட்கார்ந்திருக்கிறது.

சென்சார் எங்கே, எது என்பதெல்லாம் அப்புறம். எத்தனை சென்சார் இருக்கிறது என்பதே பலகைக்குத் தெரியாது. உங்கள் ஆசிரியரிடமாவது வருகைப் பதிவேடு இருக்கும். இதனிடம் அதுவும் கிடையாது.

முதலில் பலகை அந்தக் கம்பியின் மின்னழுத்தத்தைக் குறைந்தது 480 மைக்ரோநொடி கீழே இழுத்துப் பிடித்துவிட்டு விடும். மணி அடிப்பது மாதிரி. உடனே மூன்று சென்சாரும் ஒரே நேரத்தில் "உள்ளேன் ஐயா" சொல்லும். மூன்று குரலும் ஒன்றாகக் கலந்துவிடுவதால், யாரோ இருக்கிறார்கள் என்பதற்கு மேல் பலகைக்கு எதுவும் புரியாது.

இனி பெயர் கேட்க வேண்டும். ஒவ்வொரு சென்சாருக்குள்ளும் தொழிற்சாலையிலேயே லேசரால் பொறித்த ஒரு பெயர் உண்டு. 64 பிட் நீளம். அதாவது 0, 1 என்று 64 இலக்கங்கள். முதல் 8 இலக்கம் குடும்பப் பெயர். டிஎஸ்18பி20 எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். கடைசி 8 இலக்கம், படித்ததில் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்க. (ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் இந்த வேலைக்குத்தான்.) நடுவிலுள்ள 48 இலக்கம்தான் அதற்கே அதற்கான பெயர். அதில் சுமார் 2 கோடியே 81 லட்சம் கோடி பெயர்கள் வைக்கலாம். நொடிக்கு ஆயிரம் பெயர் வீதம் "நீ இருக்கிறாயா, நீ இருக்கிறாயா" என்று கேட்டால், முடிக்க ஏறக்குறைய 8,900 ஆண்டு ஆகும். வெந்நீர் ஆறிவிடும்!

ஆனால் பலகை மூன்றையும் கண்டுபிடிக்க ஒரு நொடிகூட எடுக்கவில்லை. எப்படி? ஒரு கயிறும் மணியும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம்.

மணி அடுத்த அறையில், ஆசிரியர் தலைக்கு மேல் தொங்குகிறது. அதன் கயிறு உங்கள் மூன்று பேர் கையிலும் இருக்கிறது. ஒருவர் இழுத்தாலும் மணி அடிக்கும், மூவரும் இழுத்தாலும் அதே மணிதான். நிஜக் கம்பியிலும் இப்படித்தான். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று (மஞ்சள், ஊதா, சிவப்புப் பட்டை போட்டிருக்கும்) கம்பியின் மின்னழுத்தத்தை எப்போதும் மேலே தூக்கி வைத்திருக்கும். சென்சார்களால் கீழே இழுக்க மட்டுமே முடியும். மேலே தள்ள யாருக்கும் அனுமதி இல்லாததால், இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் சண்டை வராது.

ஆளுக்கு மூன்று இலக்கப் பெயர் வைத்துக்கொள்வோம். ஜன்னல் 010, வெந்நீர் 011, ஐஸ் 110.

ஆசிரியர் கேட்கிறார்: "முதல் இலக்கம் 0 உள்ளவர்கள் இழுங்கள்." மணி அடிக்கிறது. "1 உள்ளவர்கள்?" மறுபடியும் அடிக்கிறது. ஆகா, இரண்டு வகையும் இருக்கிறது! ஆசிரியர் இங்கே வழி பிரிகிறது என்று குறித்துக்கொண்டு, "0 மட்டும் இருக்கட்டும்" என்கிறார். ஐஸ் கயிற்றை விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறது.

இரண்டாம் இலக்கம். 0-க்கு மணி அடிக்கவில்லை, 1-க்கு அடிக்கிறது. இருப்பவர்கள் எல்லாருக்கும் 1 என்று தெரிந்துவிட்டது. மூன்றாம் இலக்கத்தில் இரண்டு தடவையும் மணி. இங்கேயும் வழி பிரிகிறது. மறுபடி 0-வைத் தேர்ந்தெடுக்க, வெந்நீர் விலகுகிறது. மிச்சம் 010. ஜன்னல் அகப்பட்டது!

அடுத்த சுற்றில் எல்லாரும் திரும்பக் கயிற்றைப் பிடிக்கிறார்கள். அதே வழியில் போய், கடைசியாகப் பிரிந்த இடத்தில் மட்டும் 1 பக்கம் திரும்பினால் 011. மூன்றாவது சுற்றில் முதல் பிரிவிலேயே 1 பக்கம் திரும்பினால் 110. பிரியும் இடம் இனி பாக்கி இல்லை, தேடல் முடிந்தது. மூன்று பேருக்கு மூன்றே சுற்று. நிஜத்தில் 64 இலக்கத்துக்கும் ஒரு சுற்றுப் போய்வர ஏறக்குறைய 14 மில்லிநொடிதான்.

இந்த வித்தையில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது கேள்விதான். "0 யார்?" என்று கேட்டு மணி அடித்ததும் நிறுத்தியிருந்தால் ஐஸ் இருப்பதே தெரியாமல் போயிருக்கும்.

எல்லாம் சரி, கணினித் திரையில் மூன்று நீளமான எண்கள் வந்துவிட்டன. டம்ளரில் இருந்தவரை எது எது என்று வெப்பத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். மூன்றையும் வெளியே எடுத்துத் துடைத்து மேசையில் போட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், மூன்றும் ஒரே மாதிரி 30.50 டிகிரி காட்டுகின்றன. ஒயர்களும் கலந்துவிட்டன. பலகைக்குப் பெயர் தெரியும். அந்தப் பெயருக்குரிய குப்பி எங்கே கிடக்கிறது என்று தெரியாது.

ஒரு குப்பியை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தேன். திரையில் இரண்டாவது எண் மட்டும் அசைந்தது. 30.56, 31.00, 32... மற்ற இரண்டும் அப்படியே நின்றன. அந்த ஒயரில் வெள்ளை டேப் ஒரு துண்டு ஒட்டி, பேனாவால் "வெந்நீர்" என்று எழுதினேன். அடுத்த குப்பிக்குக் கை நீட்டினேன்.