துணி அறை வழியே விண்வெளிக்கு!

பலூனை ஊதினால் விறைப்பாகும். காற்றை விட்டால் துவண்டு போகும். இந்தச் சின்ன விஷயம், விண்வெளியில் ஒருவருக்கு வழியும் செய்து கொடுத்தது. அவரை ஆபத்திலும் மாட்டிவிட்டது, குழந்தைகளே!

1965, மார்ச் 18. சோவியத் யூனியனின் 'வோஸ்கோத்-2' விண்கலம் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே அலெக்ஸி லியோனோவ், பாவெல் பெல்யாயேவ் என்ற இரு வீரர்கள். லியோனோவ் வெளியே போய் மிதக்க வேண்டும். ஆனால், கலத்தின் கதவைத் திறந்தால் உள்ளிருக்கும் காற்றெல்லாம் போய்விடுமே! கருவிகள் சூடாகாமல் காத்ததும் அந்தக் காற்றுதான்.

அதற்காகவே கலத்தின் வெளிப்புறத்தில் ஒரு துணி அறையை மடித்து வைத்திருந்தார்கள். அதன் பெயர் 'வோல்கா'. சுவரில் இருந்த குழாய்களில் காற்றை நிரப்பியதும், அறை சுமார் இரண்டரை மீட்டர் நீளத்துக்கு நீண்டு நின்றது. லியோனோவ் அதில் புகுந்தார். கலத்தின் கதவு மூடப்பட்டது. அறையில் இருந்த காற்றை வெளியேற்றினர். சுவர் துவளவில்லை, குழாய்களுக்குள் காற்று அப்படியே இருந்ததல்லவா! மறுபக்கக் கதவு வழியே வெளியே வந்து, சுமார் 12 நிமிடங்கள் மிதந்தார். விண்வெளியில் நடந்த முதல் மனிதர் அவரே.

திரும்பும்போதுதான் சிக்கல். வெளியே காற்றழுத்தமே இல்லாததால், அவருடைய உடை பலூன் போல உப்பி விறைத்துவிட்டது. விரல்கள் கையுறையின் நுனியை எட்டவில்லை. அறைக்குள் நுழைய முடியவில்லை. என்ன செய்தார் தெரியுமா? உடையின் வால்வைத் திறந்து, உள்ளிருந்த ஆக்சிஜனில் கொஞ்சத்தை வெளியே விட்டார்! அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. நல்லவேளை, உடை தளர்ந்தது. மெல்ல உள்ளே வந்து சேர்ந்தார்.

அதன்பின், அந்தத் துணி அறையைக் கழற்றி விண்வெளியிலேயே விட்டுவிட்டனர்.