உப்பைக் குறைத்தால் பிபி எவ்வளவு குறையும்?

"உப்பில்லாத சாப்பாடெல்லாம் எனக்கு ஆகாது. வேணும்னா இன்னொரு மாத்திரை போட்டுக்கிறேன், விடு" என்று அப்பா சொல்லிவிட்டார். அவருக்கு மேல் எண் 150. அம்மாவோ ரசத்தில் உப்பைப் பாதியாக்கிவிட்டார். தினமும் சண்டை. சரி, யார் பக்கம் நியாயம் இருக்குன்னு கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

உப்பில் உள்ள சோடியம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் குழாய்களில் ஓடும் ரத்தத்தின் அளவு கூடும், அழுத்தமும் கூடும். மிச்சச் சோடியத்தை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. வயதாக ஆகப் பலருக்கு அந்த வேலை மந்தமாகிவிடுகிறது. அதனால்தான் ஒரே ஊறுகாய் ஒருவரை ஒன்றும் செய்வதில்லை, இன்னொருவருக்கு பிபியை ஏற்றிவிடுகிறது.

எவ்வளவு குறையும்? அமெரிக்காவில் 412 பேரை வைத்து நடந்த டாஷ்-சோடியம் ஆய்வு 2001-ல் வெளியானது. சாப்பாட்டை ஆய்வாளர்களே கொடுத்தார்கள். ஒரே ஆள் மூன்று உப்பு அளவுகளிலும் தலா 30 நாள் சாப்பிட்டார். வழக்கமான அமெரிக்க உணவிலேயே உப்பை நாளுக்குச் சுமார் 8 கிராமிலிருந்து 4 கிராமுக்குக் கொண்டுவந்தபோது மேல் எண் சராசரியாக 6.7 குறைந்தது. ஏற்கெனவே பிபி உள்ளவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே குறைந்தது.

ஆனால் 4 கிராம் என்பது ஒரு டீஸ்பூன்கூட இல்லையே! வீட்டில் அது நடக்குமா? இதற்கு வேறு ஒரு வழியைச் சீனாவில் சோதித்தார்கள். 600 கிராமங்கள், சுமார் 21,000 பேர். பாதிக் கிராமங்களுக்கு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். ஐந்து வருடத்தில் மேல் எண் சராசரியாக 3.3தான் குறைந்தது. ஆனால் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. முடிவு 2021-ல் வந்தது. மூன்று புள்ளிதானே என்று நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

உடனே அந்த உப்பை வாங்கக் கிளம்பினேன். நல்லவேளை, அப்பாவின் மாத்திரைச் சீட்டைப் பார்த்தேன். டெல்மிசார்டன். அந்த வகை மாத்திரை உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. அதோடு பொட்டாசியம் உப்பும் சேர்ந்தால் இதயத்துடிப்புக்கே ஆபத்தாகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதே சிக்கல்தான். அந்தச் சீன ஆய்விலேயே இப்படிப்பட்ட சிலரைச் சேர்க்கவில்லை. டாக்டரைக் கேட்காமல் இதை வாங்காதீர்கள்.

கடைசியில் ஒரு சமாதானம் ஆனது. ரசத்தில் உப்பு முக்கால் பங்கு. ஊறுகாயும் அப்பளமும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மோரில் உப்பு கிடையாது. மாத்திரை வழக்கம்போல. உப்பைக் குறைப்பது மாத்திரைக்குத் துணைதானே தவிர மாற்று இல்லை. நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகுமாம். இது இரண்டாவது வாரம். மோர் டம்ளரை வாங்கும்போது அப்பா இன்னும் என்னைத்தான் முறைக்கிறார்.