வேப்பமரமா, டி.வி. படமா?

மழை பிடித்தாலும் சரி, மரம் துளிர்த்தாலும் சரி, டிஷ் வைத்திருக்கும் வீடுகளில் முதலில் எழும் குரல், "அம்மா, படம் நிக்குது!" என்பதுதான். மழை விட்டால் படம் தானாக வந்துவிடும். மரம் மறைத்தால் வராது. உடனே யாராவது, "மரத்தை வெட்டிட்டா சரியாப் போயிடும்" என்று யோசனை சொல்லிவிடுவார்கள். சகோதரிகளே, அரிவாளைத் தேடுவதற்கு முன் ஒரு பத்து நிமிஷம் இதைப் படித்துவிடுங்கள்.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டின் பின்கட்டில் ஒரு வேப்பமரம். என் மாமனார் நட்டது. அதன் நிழல் விழுகிற அறையில்தான் என் மாமியார் படுத்திருக்கிறார்கள். வயது எண்பத்திரண்டு. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு நடமாட்டம் இல்லை. பகல் பொழுதைத் தள்ள அவர்களுக்கு இருப்பது டி.வி. ஒன்றுதான். போன சித்திரையில் அந்த டி.வி. சதுரம் சதுரமாக உடைந்து, கடைசியில் "சிக்னல் இல்லை" என்று நின்றுவிட்டது.

பார்க்க வந்த டிஷ்காரப் பையன் மாடியை எட்டிப் பார்த்தான். "மரத்தை எடுத்துடுங்கக்கா, வேற வழியே இல்லை" என்றான். மரம் வெட்டும் ஆளையும் அவனே சொல்லிவிட்டுப் போனான். என் கணவரும் அரை மனதாகத் தலையாட்டிவிட்டார். அத்தை மட்டும், "எனக்கு டி.வி. இல்லாட்டாப் போகுது. கத்திரி வெயில்ல அந்த நிழல் இல்லைன்னா இந்த அறையில கிடக்க முடியாதும்மா" என்றார்கள். டி.வி.யும் அவர்களுக்காக, நிழலும் அவர்களுக்காக. எதை எடுப்பது?

டிஷ் எதைப் பார்க்கிறது?

என் பெண் பிளஸ் டூவில் பௌதிகம் படிக்கிறாள். அவள் சொல்லித்தான் எனக்கு விஷயம் விளங்கியது. டி.வி. செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி சுற்றும் அதே வேகத்தில் அதுவும் சுற்றுவதால், நமக்கு அது வானத்தில் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். டிஷ்ஷை ஒரு முறை திருப்பி வைத்தால் போதும் என்பது அதனால்தான்.

நாங்கள் வைத்திருப்பது தூர்தர்ஷனின் இலவச டிஷ். 2004 டிசம்பரில் தொடங்கிய சேவை இது. இதன் செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. சென்னை, செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு. அதாவது நம் சமையலறைக்குச் சொல்லும் அக்கினி மூலை! உயரமோ தரையிலிருந்து சுமார் 68 டிகிரி. கிட்டத்தட்ட உச்சி வானம். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இந்த உயரம் 65-லிருந்து 70 டிகிரிக்குள்தான் வரும். மற்ற கம்பெனி டிஷ்களுக்குத் திசையும் உயரமும் மாறும். பொருத்துகிறவரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. டிஷ்ஷின் முகம் பார்க்கும் பக்கம் வேறு, சிக்னல் வரும் பக்கம் வேறு. வீட்டு டிஷ்ஷில் எல்.என்.பி. என்கிற மூக்கு நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். அதனால் டிஷ் சற்று நிமிர்ந்து நேராகப் பார்ப்பது போல் தோன்றினாலும், சிக்னல் அதைவிட இருபது டிகிரிக்கும் கூடுதலான உயரத்திலிருந்து சரிந்து இறங்கும். எதிரே தெரியும் கிளையைக் கழித்துவிட்டு, "இன்னும் படம் வரலையே!" என்று விழிப்பது இதனால்தான். மறைப்பது தலைக்கு மேலே இருக்கும் கிளை.

இலை ஏன் தடுக்கிறது?

இந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். இலையில் இருக்கும் ஈரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். மழை நீர் சொட்டும் இலை இன்னும் மோசம். மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்த்து நிற்கும்போது படம் பளிச்சென்று வரும். துளிர் விட்டு அடர்ந்ததும் போய்விடும். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால் மரத்தைச் சந்தேகப்படலாம். எல்லாக் காலத்திலும் கெட்டால் முதலில் வயரையும், மூக்கில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்பதையும், நட்டு தளர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி விலகினாலே படம் போய்விடும்.

ஜியாமெட்ரி பாக்ஸ் இருந்தால் போதும்

பிள்ளைகளின் பாகைமானியை எடுங்கள். அதன் நடுப்புள்ளியில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் ஒரு சாவியைத் தொங்கவிடுங்கள். டிஷ் இருக்கும் இடத்திலிருந்து, நேர் விளிம்பு வழியாக அக்கினி மூலைப் பக்கம் உள்ள மர உச்சியைப் பாருங்கள். இன்னொருவர் நூலைக் கவனிக்கட்டும். நூல் 90-லிருந்து எத்தனை டிகிரி தள்ளி நிற்கிறதோ, அதுதான் மரத்தின் உயரக் கோணம். 68-ஐத் தாண்டினால் மறைப்பு உண்டு.

அளக்கச் சிரமமா? ஒரு கணக்கு சொல்கிறேன். டிஷ்ஷிலிருந்து கிளை எத்தனை அடி தள்ளி இருக்கிறதோ, அதைப்போல் இரண்டரை மடங்கு உயரம் வரை அந்தக் கிளையால் தொந்தரவில்லை. 10 அடி தள்ளி இருக்கும் கிளை, டிஷ் மட்டத்துக்கு மேல் 25 அடி வரை வளரலாம்.

இன்னொரு வழி சூரியன் காட்டுவது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், சென்னைப் பக்கம் காலை பதினொரு மணியை ஒட்டிச் சூரியன் இந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும். சில நிமிஷம் படம்கூடக் கெடும். அப்போது டிஷ் மேல் இலை நிழல் விழுந்தால், மரம் மறைக்கிறது என்று அர்த்தம். நிழலை மட்டும் பாருங்கள், சூரியனைப் பார்க்காதீர்கள்.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று?

டிஷ்ஷிலிருந்து 6 அடி தள்ளி மரத்தின் உச்சி. டிஷ்ஷுக்கு மேல் 20 அடி உயரம். பாகைமானி 73 காட்டியது. அதே மாடியின் எதிர் மூலைக்குப் போய் அளந்தோம். தூரம் 24 அடி, கோணம் வெறும் 40! மரத்தை வெட்ட அவசியமே இல்லை. டிஷ்தான் நகர வேண்டும். தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் டிஷ்ஷை அந்த மூலையில் மாட்டி, இருபது அடி வயர் கூட்டிக் கொடுத்தார். மரம் வெட்டக் கேட்ட கூலியில் பாதிகூட ஆகவில்லை. அன்று சாயங்காலச் செய்தியை அத்தை முழுசாகப் பார்த்தார்கள். ஜன்னல் பக்கம் திரும்பி, "மரம் பத்திரமா இருக்குல்ல?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார்கள்.

நினைவில் வையுங்கள்

* டிஷ்ஷை மரத்தில் கட்டாதீர்கள். காற்றில் ஆடினால் படம் நிற்காது.
* நகர்த்த இடமே இல்லையென்றால் மறைக்கும் கிளையை மட்டும் கழியுங்கள். மின்கம்பி பக்கம் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.
* மழையில், ஈரக் கைப்பிடிச் சுவரில் யாரையும் ஏற்றாதீர்கள். ஒரு தொடர் ஒருநாள் தவறினால் குடி முழுகிவிடாது.
* பக்கத்து வீட்டுத் தென்னை மறைத்தால் சண்டைக்குப் போவதற்கு முன் உங்கள் டிஷ்ஷை நகர்த்திப் பாருங்கள்.
* புதிதாக மாட்டும்போதே மரம் இன்னும் ஐந்து வருஷத்தில் எவ்வளவு வளரும் என்று யோசித்து இடம் சொல்லுங்கள்.

டிஷ்ஷை ஒரு மணி நேரத்தில் கழற்றி மாட்டிவிடலாம். வேம்பு ஒன்று வளர்ந்து நிழல் தர எத்தனை வருஷம் ஆகும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.