‘டக்’ எங்கே விழுகிறது?

“சமதரையில நல்லாத்தான் போகுது மாமா. மேம்பாலத்துல எழுந்து நின்னு மிதிச்சா, டக்குனு பெடல் வழுக்கிடுது. செயினை மாத்திடவா?”

அக்கா மகனிடம் டீ டம்ளரை நீட்டினேன். எல்லோரும் முதலில் செயினைத்தான் மாற்றுகிறோம். நானும் ஒருமுறை மாற்றினேன். புதுச் செயின் போட்ட அன்றே முன்பைவிட மோசமாக வழுக்கியது.

மேட்டில் மட்டும் ஏன்? அறுபது கிலோ ஆள் ஒரு பெடலில் ஏறி நிற்கிறார் என்று வை. கிராங்க் நீளம் ஆறரை அங்குலம். 44 பல் உள்ள முன் பல்சக்கரத்தின் ஆரம் மூன்றரை. நெம்புகோல் கணக்கில் செயின் தாங்கும் இழுவை 110 கிலோவைத் தாண்டிவிடும். உட்கார்ந்து மெல்ல மிதிக்கையில் இதில் கால்வாசிகூட இராது. அதனால்தான் கோளாறு சமதரையில் ஒளிந்துகொள்கிறது.

“சரி, எப்படி வழுக்குது? எண்ணிப் பாத்தியா?” விழித்தான். ஒரு சுற்றுக்கு ஒருமுறை, பெடல் ஒரே இடத்துக்கு வரும்போது கால் இறங்கினால், அது வழுக்கலே அல்ல; கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின் தளர்ந்திருக்கும். இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை என்றால் செயினில் ஏதோ ஒரு கண்ணி மடங்காமல் விறைத்திருக்கிறது. சுமார் 110 கண்ணி உள்ள செயின் ஒரு முழு வட்டம் வர அத்தனை சுற்று ஆகும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அந்தக் கண்ணியை விரலால் அசைத்துவிட்டாலே பல நேரம் போதும்.

கணக்கில்லாமல் வழுக்கினால்தான் வேலை. முன்சக்கரத்தைச் சுவரில் முட்டி, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்து. இன்னொருவர் பின்னால் குனிந்து பார்க்கட்டும், விரலை மட்டும் கிட்டே கொண்டுபோக வேண்டாம். செயினோடு பல்லும் சேர்ந்து சுற்றி, சக்கரம் மட்டும் நின்றால் குற்றம் பின் பற்களைத் தாங்கும் ப்ரீவீலுக்குள்: பிடித்துக்கொள்ள வேண்டிய சின்ன நாக்குகள் அழுக்கிலோ கெட்டிக் கிரீஸிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெயில் அலசி, லேசான எண்ணெய் விட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். பல் நிற்க, செயின் அதன்மேல் ஏறிக் குதித்தால் தேய்மானம்.

செயின் நீண்டுவிட்டது என்பார்கள். இரும்பு எங்கே நீள்கிறது? ஆணிகளும் அவை நுழையும் துளைகளும் தேய்கின்றன. ஆணிக்கு ஆணி அரை அங்குலம், ஆக 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பற்களும் போயிருக்கும். பழைய செயினும் பழைய பல்லும் கூடவே தேய்ந்து ஒன்றுக்கொன்று பழகியவை. தேய்ந்த பற்களின் இடைப்பள்ளத்தில் புதுச் செயின் உட்காராது. அன்றைக்கு என்னைக் குப்புறத் தள்ளப் பார்த்தது இதுதான்.

ஸ்கேலை வைத்தான். எட்டில் ஒன்றுக்கும் கொஞ்சம் மேலே.

“அப்போ முன்னாடி இருக்கிறதும் போச்சா?”

அநேகமாக இல்லை. 44 பல்லும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பின்னால் 18தான், ஒவ்வொன்றும் இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கிறது. துடைத்துப் பார்த்தோம். பின் பற்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கூராகியிருந்தன.

“ப்ரீவீலைக் கடையிலேயே கழட்டச் சொல்லு” என்றேன். “நீ மிதிச்ச ஒவ்வொரு மிதியும் அதை இறுக்கித்தான் வச்சிருக்கு.”